ரெஸ்பெக்டிவ்லி: திரும்பிப் பார்க்கச் சொல்லும் சொல்

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தாள். பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். ஏ, பி என்று இரண்டு பேர் ஒரு வேலையை 10 மற்றும் 15 நாட்களில் முடிப்பார்கள் என்று தொடங்கும் வழக்கமான வேலை-நாள் கணக்கு அது. அந்த வாக்கியத்தின் கடைசியில் "ரெஸ்பெக்டிவ்லி" என்று ஒரு சொல் இருந்தது.

முதல் கேள்வி, இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள் ஆகும் என்பது. 6 என்று சரியாகப் போட்டிருந்தாள். இரண்டாவது கேள்வியில் ஏ மட்டும் 4 நாள் வேலை செய்துவிட்டு விலகிவிடுகிறார், மீதியை பி எத்தனை நாளில் முடிப்பார் என்று கேட்டிருந்தார்கள். அவளுக்கு வந்த விடை ஏழே கால் நாளுக்குச் சற்று மேல். புத்தகத்தின் பின்னால் 9 என்று இருந்தது.

"யாருக்கு 10 நாள், யாருக்கு 15 நாள் என்று கேள்வியில் எங்கேயுமே சொல்லவில்லையே மாமா" என்றாள். சொல்லியிருக்கிறதே என்று அந்தக் கடைசிச் சொல்லைக் காட்டினேன். "அதுவா? ரெஸ்பெக்ட் என்றால் மரியாதை. மரியாதையாக வேலையை முடித்தார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன்" என்றாள்.

அவள் அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் மரியாதையும் இருக்கத்தான் செய்கிறது, அதை அப்புறம் பார்ப்போம். முதலில் கணக்கை முடித்துவிடலாம். ஏ 10 நாளில் முடிப்பவர் என்றால் 4 நாளில் பத்தில் நான்கு பங்கு முடித்திருப்பார். மீதி பத்தில் ஆறு பங்கு. பி முழு வேலைக்கு 15 நாள் எடுப்பவர், ஆகவே அந்த மீதிக்கு 9 நாள். இவள் 15-ஐ ஏ-க்கும் 10-ஐ பி-க்கும் கொடுத்துவிட்டாள். அதனால் விடை மாறிப்போனது. முதல் கேள்வி எப்படித் தப்பித்தது என்றால், இருவரும் சேர்ந்து செய்யும்போது யாருக்கு எந்த எண் என்பது முக்கியமில்லை, இரண்டு வேகத்தையும் கூட்டினால் போதும். இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு பல நாள் ஒருவர் ஓட்டிவிட முடிவது இதனால்தான். பாதி இடங்களில் தவறு வெளியே தெரியாது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு நேரான சொல் "முறையே". அரசுப் போட்டித் தேர்வுகளின் தமிழ் வினாத்தாளில் இதே வகைக் கணக்கு "முறையே 10 மற்றும் 15 நாட்களில்" என்றுதான் வரும். தமிழில் படித்தபோது அவள் இதைப் பல முறை கடந்து வந்தவள்தான். சொல்லைச் சொன்னதும் "ஓ, முறையேவா!" என்றாள். அதற்கு மேல் அந்தக் கணக்குக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நாமே எழுதும்போது எங்கெல்லாம் இடறும் என்பதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் இரண்டு வரிசைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஆட்களோ பொருள்களோ. இரண்டாவது வரிசையில் அவற்றுக்குரிய எண்களோ ஊர்களோ நிறங்களோ. முதல் வரிசையின் முதலாவது ஆளுக்கு இரண்டாம் வரிசையின் முதலாவது, இரண்டாவது ஆளுக்கு இரண்டாவது, மூன்றாவதுக்கு மூன்றாவது. "இப்படி வரிசைப்படி ஜோடி சேர்த்துக்கொள்" என்று வாசிப்பவருக்குச் சொல்வது மட்டும்தான் ரெஸ்பெக்டிவ்லியின் வேலை. தனக்கென்று வேறு பொருள் எதையும் அது வாக்கியத்தில் சேர்ப்பதில்லை.

சி.வி.ராமன், சந்திரசேகர், வெங்கி ராமகிருஷ்ணன் ஆகியோர் முறையே 1930, 1983, 2009 ஆம் ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றனர். இதில் யாருக்கும் குழப்பம் வராது, ராமன் மூத்தவர் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். இப்போது இதைப் பாருங்கள்: இம்மூவரும் முறையே திருச்சி, லாகூர், சிதம்பரம் ஆகிய ஊர்களில் பிறந்தவர்கள். சந்திரசேகர் லாகூரில் பிறந்தவர் என்பதை ஊகித்துச் சொல்வது கடினம். மூன்றும் தமிழ்க் குடும்பங்கள்தானே என்று நினைப்பவர், லாகூர் யாருக்கு என்று திணறிப்போவார். ஊகம் கைகொடுக்காத இந்த மாதிரி இடத்தில்தான் முறையே என்ற சொல்லின் அருமை தெரியும்.

இந்தச் சொல் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒரே வாக்கியத்தில் சோதித்துப் பார்க்கலாம். "ராஜாவும் ராணியும் வீடும் காரும் வாங்கினார்கள்." இதைப் படித்தால் இருவரும் சேர்ந்து இரண்டையும் வாங்கியதாகத்தான் படும், அல்லது யார் எதை வாங்கினார் என்பதே தெரியாது. "ராஜாவும் ராணியும் முறையே வீடும் காரும் வாங்கினார்கள்." இப்போது ராஜா வீடு, ராணி கார். ஒரே ஒரு சொல் வந்து சொத்தைப் பிரித்துவிட்டது. உயில், பத்திரம் போன்றவற்றில் இந்தச் சொல்லையும் இதன் ஆங்கில உருவத்தையும் கவனமாகப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். மகனுக்கும் மகளுக்கும் வீட்டையும் நிலத்தையும் தருகிறேன் என்று எழுதினால் ஒரு பொருள், நடுவே முறையே என்று போட்டால் வேறு பொருள்.

சரி, மரியாதைக்கு வருவோம்.

ரெஸ்பெக்ட், ரெஸ்பெக்டிவ், ரெஸ்பெக்டிவ்லி எல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒரே குடும்பம். முன்னால் இருக்கும் "ரெ" என்பதற்குப் பின்னால், திரும்ப என்று பொருள். "ஸ்பெக்" என்ற பகுதி பார்ப்பதைக் குறிக்கும். நாம் போட்டுக்கொள்ளும் ஸ்பெக்ஸ், ஸ்டேஷனில் இருக்கும் இன்ஸ்பெக்டர், இரண்டிலும் அதே பார்வைதான் இருக்கிறது. ஆக, ரெஸ்பெக்ட் என்பதன் வேர்ப்பொருள் திரும்பிப் பார்ப்பது. தெருவில் ஒருவர் போகும்போது நின்று திரும்பிப் பார்க்கிறோம் என்றால் அவரைப் பொருட்படுத்துகிறோம் என்றுதானே அர்த்தம்? அந்த வழியில் அது மரியாதை ஆனது. இன்னொரு கிளை, ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் பார்ப்பது. வகை நுண்கணிதத்தில் "எக்ஸைப் பொறுத்து" என்று தமிழ்ப் பாடநூலில் படிக்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் "வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்" என்பார்கள். அங்கே மரியாதைக்கு இடமே இல்லை, எக்ஸைப் பார்த்து, எக்ஸோடு ஒட்டி என்றுதான் பொருள். ரெஸ்பெக்டிவ்லி இந்தக் கிளையில் பூத்தது: ஒவ்வொன்றையும் அதற்கு உரியதோடு பொருத்தி.

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இரண்டு கிளையும் இன்னும் கலந்தே கிடந்தன. ஷேக்ஸ்பியரின் "டைமன் ஆஃப் ஏதென்ஸ்" நாடகத்தில் ஒரு பிரபு, வந்தவனை "வெரி ரெஸ்பெக்டிவ்லி வெல்கம்" என்று வரவேற்கிறார். அங்கே அதற்கு மிகுந்த மரியாதையுடன் என்றே பொருள். ஆக, என் அக்கா மகள் சொன்ன பொருள் நானூறு வருடத்துக்கு முன்னால் சரியாகவே இருந்திருக்கும்! இன்று அந்த இடத்தை "ரெஸ்பெக்ட்ஃபுல்லி" எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது மிகவும் பரவலான பிழை. விண்ணப்பக் கடிதத்தின் முடிவில் "யுவர்ஸ் ரெஸ்பெக்டிவ்லி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், மரியாதையுடன் தங்கள் என்பதற்குப் பதிலாக முறையே தங்கள் என்று போட்டதாக ஆகும். அங்கே வர வேண்டியது ரெஸ்பெக்ட்ஃபுல்லி. எழுதும்போது குழம்பினால், நடுவில் "ஃபுல்" இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய மரியாதை என்றால் ஃபுல்.

தமிழிலும் ஏறக்குறைய இதே கதை இருப்பதைக் கவனித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. "முறை" என்றால் வரிசை. முறை என்றால் ஒழுங்கும் நீதியும்கூட. மாமன் முறை, சித்தி முறை என்றால் உறவு. "இது உன் முறை" என்றால் உன் வாய்ப்பு. "இரண்டு முறை" என்றால் இரண்டு தடவை. இவ்வளவையும் சுமக்கும் சொல்லிலிருந்து பிரிந்தவைதான் முறையேயும் முறையாகவும். "பணத்தை முறையாகக் கொடுத்தார்" என்றால் ஒழுங்காகக் கொடுத்தார். "பணத்தை முறையே கொடுத்தார்" என்று நிறுத்தினால் வாக்கியம் நொண்டுகிறது, யார் யாருக்கு எவ்வளவு என்ற வரிசையை மனம் தேடுகிறது. ஆங்கிலத்தில் வரிசையும் மரியாதையும் பிரிந்து இரண்டு சொல்லானது போல, இங்கே ஒரு ஏகாரமும் ஓர் "ஆக"வும் அந்த வேலையைச் செய்கின்றன.

இனி, இந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பது. தமிழ் வழியில் படித்தவர்கள் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். புதனும் வெள்ளியும் சூரியனை முறையே 88, 225 நாட்களில் சுற்றி வருகின்றன. இதையே ஆங்கிலத்தில் எழுதினால், "மெர்க்குரி அண்ட் வீனஸ் ஆர்பிட் த சன் இன் 88 அண்ட் 225 டேஸ், ரெஸ்பெக்டிவ்லி." தமிழில் முறையே இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நிற்கிறது. அதைக் கேட்டவுடனே நாம் தயாராகிவிடுகிறோம், அடுத்து எண்கள் வரும், வரிசைப்படி பிரித்துக்கொள்ள வேண்டும் என்று. ஆங்கிலத்தில் பெரும்பாலும் அது கடைசியில் வருகிறது. இரண்டு வரிசையையும் படித்து முடித்த பிறகுதான், "திரும்பிப் போய் ஜோடி சேர்த்துக்கொள்" என்கிறது. வேர்ச்சொல் சொன்னதைச் சொல் இன்றும் செய்துகொண்டிருக்கிறது: திரும்பிப் பார்.

ஆகவே ஆங்கிலத்தில் படிக்கும்போது, வாக்கியக் கடைசியில் ரெஸ்பெக்டிவ்லி வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். அடுத்த வாக்கியத்துக்கு ஓடாதீர்கள். முதல் வரிசை எது, இரண்டாம் வரிசை எது என்று கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பென்சிலால் கோடு இழுங்கள். தேர்வு அறையில் ஐந்து நொடிகூட ஆகாது. ஆங்கிலத்திலும் சில சமயம் இரண்டாம் வரிசைக்கு முன்னால் இந்தச் சொல் வருவதுண்டு, அப்போது அது நம் முறையே போலவே நடந்துகொள்ளும். கடைசியில் வரும்போது அதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி போடுவது நல்ல பழக்கம். போடாமல் எழுதுபவர்களும் உண்டு. உச்சரிப்பில் அழுத்தம் "ஸ்பெக்" என்ற இடத்தில் விழும்.

மொழிபெயர்க்கும்போது ஆங்கில இடத்தை அப்படியே கொண்டுவந்து, "புதனும் வெள்ளியும் 88, 225 நாட்களில் சூரியனைச் சுற்றி வருகின்றன முறையே" என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு ஒட்டாது. இடம் மாற வேண்டும். முறையே என்பது இரண்டாம் வரிசைக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும்.

இந்த ஜோடி சேர்க்கும் ஏற்பாடு நமக்குப் புதிது இல்லை. தமிழ் இலக்கணத்தில் இதற்கு "நிரல்நிறை" என்று பெயர். நிரல் என்றால் வரிசை. இன்று கணினிக்கு எழுதும் கட்டளை வரிசையை நிரல் என்கிறோமே, அதே சொல். தொல்காப்பியம் பொருள்கொள்ளும் வழிகளாகச் சொல்லும் நான்கில் நிரல்நிறையும் ஒன்று. "சொல் வேறு நிலைஇப் பொருள் வேறு நிலையல்" என்று அதற்கு இலக்கணம் சொல்கிறது. சொற்கள் ஓர் இடத்தில் வரிசையாக நிற்கும், அவற்றின் பொருளை முடிக்கும் சொற்கள் வேறோர் இடத்தில் வரிசையாக நிற்கும். ரெஸ்பெக்டிவ்லிக்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு விளக்கம் என்னால் எழுத முடியாது. பிறகு வந்த நன்னூல் பொருள்கோள் எட்டு என்றது, அதிலும் நிரல்நிறை இடம்பெற்றது. அணி இலக்கணம் இதை ஓர் அழகாகவே எடுத்துக்கொண்டது.

பள்ளியில் எல்லோரும் படித்த குறள் இது:

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

அன்பும் அறனும் ஒரு வரிசை. பண்பும் பயனும் இன்னொரு வரிசை. இல்வாழ்க்கையில் அன்பு இருந்தால் அது அதன் பண்பு, அறன் இருந்தால் அது அதன் பயன். முறையே என்ற சொல் இல்லை, ஆனால் அதன் வேலை நடந்துவிட்டது. ஆங்கிலம் ஒரு சொல்லைப் போட்டு வாசிப்பவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது, செய்யுள் அந்தப் பொறுப்பை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது.

இலக்கண உரைகளில் மேற்கோளாக வரும் ஒரு பழம்பாட்டு இன்னும் துணிச்சலானது. "கொடி குவளை கொட்டை நுசுப்பு உண்கண் மேனி" என்று தொடங்கும். முதலில் கேட்டால் ஆறு சொற்களை யாரோ கொட்டி வைத்தது போல இருக்கும். மூன்று மூன்றாகப் பிரித்தால் திறந்துகொள்ளும். கொடி போன்ற நுசுப்பு, அதாவது இடை. குவளை போன்ற கண். தாமரையின் நடுவே இருக்கும் கொட்டை போன்ற மேனி. அடுத்த அடியில் மதி, பவளம், முத்து என்று மூன்றைச் சொல்லி முகம், வாய், முறுவல் என்று மூன்றைச் சொல்கிறது. அதற்கடுத்து பெண்யானை, மான், மயில். நடை, பார்வை, சாயல். மூன்று அடியிலும் ஒரே தாளம். பிள்ளைகளுக்கு ரெஸ்பெக்டிவ்லியைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. கோடு போட்டுப் பொருத்தச் சொன்னால் விளையாட்டாகவே செய்துவிடுவார்கள்.

செய்யுளுக்கு இன்னொரு சுதந்திரமும் உண்டு, ரெஸ்பெக்டிவ்லிக்கு அது இல்லை.

விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல்
கற்றாரோடு ஏனை யவர்.

முதல் வரிசை விலங்கு, மக்கள். இரண்டாம் வரிசை கற்றார், ஏனையவர். நேராகப் பொருத்தினால் கற்றவர் விலங்கு, கல்லாதவர் மக்கள் என்று ஆகிவிடும்! வள்ளுவர் சொல்ல வந்தது நேர் எதிர். இங்கே குறுக்காகப் பொருத்த வேண்டும்: மக்களுக்குக் கற்றார், விலங்குக்கு ஏனையவர். இதை எதிர்நிரல்நிறை என்பார்கள். ஆங்கில உரைநடையில் ரெஸ்பெக்டிவ்லி போட்டுவிட்டு இப்படிக் குறுக்கே இழுக்க முடியாது. அந்தச் சொல் வந்தாலே நேர் வரிசை என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தலைகீழ் வரிசை வேண்டுமென்றால் "இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்று வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும்.

நாமே எழுதும்போது கவனிக்க வேண்டியது முதலில் எண்ணிக்கை. இரண்டு வரிசையிலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். எவரெஸ்ட், கே-2, கஞ்சன்ஜங்கா ஆகிய சிகரங்களின் உயரம் முறையே 8,849, 8,611, 8,586 மீட்டர். மூன்றுக்கு மூன்று. இதில் ஓர் எண் விடுபட்டால் அந்த ஒன்று மட்டும் தவறாகும் என்று நினைக்காதீர்கள், நடுவில் விடுபட்டால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் இடம் நகர்ந்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் இதே வேலையைச் செய்ய "ஜிப்" என்று ஒன்று உண்டு. பேன்ட் ஜிப்பின் பற்கள் போல இரண்டு பட்டியல்களை ஒன்றுக்கொன்று கோக்கும். ஒரு பட்டியல் சிறியதாக இருந்தால் அது முடிந்த இடத்தில் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். இதனால் பிழைகள் மறைந்துபோவதைப் பார்த்து, 3.10 பதிப்பில் "ஸ்ட்ரிக்ட்" என்று ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். அதைப் போட்டால், நீளம் பொருந்தாதபோது பிழை என்று சொல்லி நிறுத்தும். எழுதுபவரும் தனக்குள் அந்த ஸ்ட்ரிக்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, இரண்டு வரிசையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "ஆண்கள், பெண்கள் பிரிவுகளில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்களுக்கு முறையே 5,000, 3,000 ரூபாய் வழங்கப்பட்டது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 5,000 முதல் இடத்துக்கா, ஆண்களுக்கா? எழுதியவர் இடத்தை நினைத்திருப்பார். ஆனால் வாக்கியத்தில் முதலில் கண்ணில் படும் வரிசை ஆண்கள், பெண்கள். ஜோடி சேர்க்க இரண்டு பேர் போட்டியிட்டால் முறையே என்ற சொல்லால் தீர்த்துவைக்க முடியாது. "இரு பிரிவுகளிலும் முதலிடத்துக்கு 5,000 ரூபாயும் இரண்டாமிடத்துக்கு 3,000 ரூபாயும்" என்று எழுதினால் முடிந்தது.

ஒரே ஒரு வரிசை மட்டும் இருக்கும் இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையே கிடையாது. "ரவியும் கலாவும் ரெஸ்பெக்டிவ்லி நன்றாகப் பாடினார்கள்" என்பது தவறு. தனித்தனியாக என்று சொல்ல வந்திருந்தால் "செப்பரேட்லி" என்று எழுத வேண்டும்.

இதன் அண்ணன் "ரெஸ்பெக்டிவ்" கொஞ்சம் வேறு ஆள். "தே வென்ட் டு தேர் ரெஸ்பெக்டிவ் ஹோம்ஸ்" என்றால் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். இங்கே வரிசை எதுவும் வேண்டாம், யார் முதல், யார் இரண்டாவது என்ற கேள்வியே இல்லை, ஒவ்வொருவருக்கும் அவருக்குரியது என்றால் போதும். தமிழில் இதற்கு எத்தனை அழகான சொற்கள்! அவரவர், அந்தந்த, தத்தம். ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லியே "ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய" என்ற பொருளைக் கொண்டுவந்துவிடுகிறோம். "ரெஸ்பெக்டிவ் டிபார்ட்மென்ட்ஸ்" என்பதைத் தமிழாக்கும்போது "மரியாதைக்குரிய துறைகள்" என்றோ "முறையான துறைகள்" என்றோ போட்டுவிடக் கூடாது. அந்தந்தத் துறைகள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர் பன்மையில் இருப்பதையும் கவனியுங்கள்.

எப்போது இந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. 1926-இல் வெளிவந்த ஃபௌலரின் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி இந்த இரண்டு சொற்களையும் கடுமையாகவே பிடித்துக்கொண்டது. படைவீரர், போலீஸ்காரர் போல இவற்றுக்கும் செய்ய வேலை உண்டு, வேலை இல்லாத இடத்தில் எவ்வளவு குறைவாகக் கண்ணில் படுகிறார்களோ அவ்வளவு நல்லது என்றார் ஃபௌலர். இவை வரும் பத்து வாக்கியங்களில் ஒன்பது, இவற்றை எடுத்துவிட்டால் மேம்படும் என்றும் சொன்னார். பத்தில் ஒன்பது என்பது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அலுவலகக் கடிதங்களைப் படித்தால் அவர் பக்கம் சாயத்தான் வேண்டியிருக்கிறது. "ராமன் 1930-இலும் சந்திரசேகர் 1983-இலும்" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுத முடியும்போது, இரண்டு வரிசையாகப் பிரித்துவைத்து வாசிப்பவரைத் திரும்பிப் போக வைப்பது எதற்கு? அவருடைய உழைப்பை மிச்சப்படுத்துவதுதான் எழுதுபவரின் வேலை.

இரண்டு என்றால் சேர்த்தே எழுதுங்கள். மூன்றுக்கு, அதுவும் எண்களோடு "மீட்டர்", "நாட்கள்" என்று அதே அலகு திரும்பத் திரும்ப வரும் இடத்தில், முறையே நன்றாக உதவும். நான்கைத் தாண்டினால் ஓர் அட்டவணை போட்டுவிடுவது மேல். எட்டு ஊர்ப் பெயரும் எட்டு எண்ணும் அடுக்கி முறையே என்று எழுதியிருந்தால், ஐந்தாவது ஊருக்கு எந்த எண் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் ஓரிடத்தில் இந்தச் சொல் வரவே கூடாது என்பேன். அது மருந்து விஷயம். "காலையிலும் இரவிலும் முறையே ஒன்றும் இரண்டும்" என்று ஒரு பெரியவரிடம் எழுதிக் கொடுக்காதீர்கள். "காலையில் ஒன்று. இரவில் இரண்டு." இரண்டு வரி, இரண்டு முற்றுப்புள்ளி. உடம்பு முடியாமல் படுத்திருப்பவரை வாக்கியத்துக்குள் திரும்பிப் பார்க்க வைப்பது சரியில்லை.

வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இரட்டையர் "ஃபார்மர்", "லேட்டர்". இரண்டைச் சொன்ன பிறகு, முன்னது, பின்னது என்று சுட்டுவதற்கு இவை. அந்தப் பின்னதுக்கு ஆங்கிலத்தில் இரண்டு "டி". ஒரு "டி" போட்டால் அது "பிறகு" என்ற சொல்லாகிவிடும், உச்சரிப்பும் மாறும். இரண்டு பொருள்கள் இருக்கும்போதுதான் இவை பொருந்தும், மூன்று வந்துவிட்டால் முதலாவது, கடைசி என்றே சொல்லிவிட வேண்டும். இவையும் வாசிப்பவரைத் திரும்பிப் பார்க்க வைப்பவைதான். ஒரே பத்தியில் ரெஸ்பெக்டிவ்லியும் ஃபார்மரும் லேட்டரும் சேர்ந்து வந்தால், படிப்பவர் முன்னேறுவதைவிடப் பின்னால் போவதுதான் அதிகமாக இருக்கும்.

அக்கா மகள் அன்று மாலை வேதியியல் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹீலியம், நியான், ஆர்கான் ஆகியவற்றின் அணு எண் 2, 10, 18 என்ற வாக்கியம் வந்தது, கடைசியில் அந்தச் சொல்லோடு. பென்சிலை எடுத்தாள். ஹீலியத்திலிருந்து 2-க்கு ஒரு கோடு, நியானிலிருந்து 10-க்கு ஒரு கோடு. மூன்றாவது கோட்டைப் போடவில்லை. "மீதி இருப்பது ஒன்றுதானே மாமா" என்று பக்கத்தைத் திருப்பினாள்.